தாளித்தாலே அலறுகிற புகை அலாரம்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

மதுரைப்பொண்ணு, ஈஸ்ட் ஹாம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடக் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வரிசை வீடு வாங்கினோம். கீழே முன்னறை, ஒரு நீள நடை, பின்னால் கிச்சன். மாடியில் மூன்று படுக்கையறை. நாங்கள் இரண்டு பேர், ஏழு வயதில் ஒரு மகள், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிற அத்தை, மாமா.

வீட்டோடு வந்தது ஒரே ஒரு புகை அலாரம். கிச்சன் கதவுக்கு இரண்டடி தள்ளி நடையின் சீலிங்கில் இருந்தது. கடுகு வெடித்ததும் வற்றல் மிளகாய் போட்டால் அலறும். தோசைக்கல் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தால் அலறும். அப்பளம் சுட்டால் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை அத்தை சாம்பிராணி போட்டாலும் அதே கதை. பொங்கலன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மூன்று முறை அடித்தது. கணவர் நாற்காலி போட்டு ஏறி, பேட்டரியைக் கழற்றி, அலாரத்தையும் எடுத்து டிராயரில் போட்டுவிட்டார். மறுபடி மாட்டலாம், மாட்டலாம் என்றே நான்கு மாதம் ஓடிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி மாமா மாத்திரை போட்டுக்கொள்ளப் பால் சூடு பண்ண வைத்தவர், அது நினைவில்லாமல் மேலே வந்து படுத்துவிட்டார். ஒரு மணி வாக்கில் நான் தண்ணீர் குடிக்க இறங்கினேன். படியில் பாதி இறங்கும்போதே மூக்கில் ஏறியது. பால் வற்றி, பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த பிடிதுணியின் ஓரம் கங்கு மாதிரி சிவந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்து, துணியைச் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நடையில் தலைக்கு மேல் ஒரே புகை. மேலே நான்கு பேரும் நல்ல தூக்கம், யாருக்கும் ஒரு இருமல்கூட வரவில்லை. நான் இறங்கி வராமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து மூன்று நாளாக எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலாரத்தை டிராயரில் போட்டது நாங்கள்தானே.

கடையில் போய் நின்றால் ஆப்டிகல், ஹீட், மல்டி சென்சார், இண்டர்லிங்க் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் சமையலுக்கு எது சரிப்படும்? எத்தனை வேண்டும்? எங்கெங்கே மாட்ட வேண்டும்? நாமே மாட்டலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா? அடுப்பு கேஸ். பாய்லரும் கிச்சன் அலமாரிக்குள்தான் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஹாரோ வயர்மேன்

தங்கச்சி, நீங்கள் அந்த நேரத்தில் இறங்கியது பெரிய விஷயம். புகை வந்தால் மூக்கு எழுப்பிவிடும் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எழுப்பாது. தூக்கத்தில் மோப்ப சக்தி நமக்குக் கை கொடுக்காது, அதோடு புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவரை எழவே விடாமல் செய்துவிடும். காது மட்டும்தான் விழித்திருக்கும், அதனால்தான் சத்தம் போடுகிற பொருள் ஒன்று தேவைப்படுகிறது.

நான் பதினெட்டு வருடமாக வடமேற்கு லண்டனில் எலக்ட்ரீஷியன். நம் ஆட்கள் வீட்டுக்குப் போனால் சீலிங்கில் வெறும் தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். கழற்றியவர்கள் பேரில் குற்றம் சொல்ல மாட்டேன். தப்பான வகையைத் தப்பான இடத்தில் மாட்டினால் எந்த வீட்டிலும் அது ஒரு நாள் டிராயருக்குத்தான் போகும். ஆகவே நம் சமையலை மாற்ற வேண்டாம், அலாரத்தை மாற்றுவோம்.

வகைகளைச் சொல்கிறேன். பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அயனி வகை. உள்ளே அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும், அது காற்றில் ஒரு சின்ன மின்னோட்டத்தை ஓட விடும், புகை நுழைந்தால் அந்த ஓட்டம் குறையும், உடனே அலறும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைத்தான் இது சட்டென்று பிடிக்கும். எண்ணெய் காய்வது, மிளகாய் கமறுவது, ரொட்டி தீய்வது எல்லாம் அந்த ரகம். உங்கள் வீட்டு அலாரம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பின்பக்கம் கதிரியக்கக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்டிகல் வேறு மாதிரி. ஊரில் ஓட்டு வீட்டுக்குள் ஒரு ஓட்டை வழியாக வெயில் கற்றையாக இறங்கும்போது அதில் தூசி மிதப்பது தெரியும் இல்லையா, அதே தத்துவம். உள்ளே ஒரு விளக்கும் ஒரு கண்ணும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் சாய்வாக இருக்கும். புகை வந்ததும் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறிக் கண்ணில் விழும். பிடிதுணி கனல்வது, சோபா, மெத்தை மெதுவாகப் பொசுங்குவது, வயர் உருகுவது போன்ற தடித்த புகையை இது சீக்கிரம் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் வந்தது இந்த ஜாதிப் புகைதான். தாளிப்புக்கு அயனி வகை அளவுக்குக் கத்தாது, ஆனால் குளியலறை நீராவி அடர்த்தியாகப் பட்டால் கத்தும். ஆகையால் பாத்ரூம் கதவுக்கு நேரே வைக்கக் கூடாது.

ஹீட் அலாரம் புகையைக் கண்டுகொள்வதே இல்லை. வெப்பம் கிட்டத்தட்ட 58 டிகிரியைத் தொட்டால்தான் அடிக்கும். நீங்கள் எத்தனை கிலோ மிளகாய் வறுத்தாலும் சத்தமே வராது. கிச்சனுக்கு இதுதான். படுக்கையறைக்கோ நடைக்கோ இதைப் போடக் கூடாது, புகை ஆளை மயக்கிய பிறகுதான் வெப்பம் அங்கே வந்து சேரும். மல்டி சென்சார் என்றால் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது. விலை கூட, வெட்டி அலறல் குறைவு.

உங்கள் வீட்டுக்கு நான் மாட்டினால் இப்படி மாட்டுவேன்: கிச்சன் சீலிங்கில் ஒரு ஹீட் அலாரம். கீழ் நடையில் ஒரு ஆப்டிகல், ஆனால் இப்போது இருக்கிற இடத்தில் வேண்டாம், வாசல் பக்கம் தள்ளி, அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தூரத்தில். மாடிப்படி ஏறியதும் உள்ள இடத்தில் இன்னொரு ஆப்டிகல். டிவி, சார்ஜர், ஹீட்டர் எல்லாம் இருக்கிற முன்னறையில் ஒன்று. இந்த நான்கும் கட்டாயம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிஎஸ் 5839 பகுதி 6 என்று ஒரு தர விதி உண்டு, அதில் நடை, படிக்கட்டோடு கிச்சனும் முன்னறையும் சேர்ந்தால் எல்டி2, படுக்கையறைகளையும் சேர்த்தால் எல்டி1. பெரியவர்கள் அறையில் போன் சார்ஜ் போட்டுத் தூங்குவார்கள், ஹீட்டர் வைப்பார்கள் என்றால் அங்கேயும் ஒன்று மாட்டுவது நல்லது.

எல்லாமே இண்டர்லிங்க் ஆக இருக்கட்டும், அதாவது ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். பின்கிச்சனில் அடிக்கிற ஹீட் அலாரம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர் காதில் விழ வேறு வழி கிடையாது. வயர் இழுக்கத் தேவையில்லை, ரேடியோவில் பேசிக்கொள்கிற வகை கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேறு வேறு கம்பெனிப் பொருள் ஒன்றோடொன்று பேசாது, மொத்தத்தையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். புகை அலாரம் பெட்டியில் ஈஎன் 14604 என்ற எண்ணும் கைட்மார்க் என்ற தர முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹீட் அலாரத்துக்கு பிஎஸ் 5446-2. பேட்டரி பத்து வருடத்துக்கு உள்ளேயே வைத்து மூடியது வாங்கினால், ரிமோட்டுக்கு என்று யாரும் பேட்டரியை உருவ முடியாது.

பாய்லர் இருப்பதால் தனியாக ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும், ஈஎன் 50291. இது புகை அலாரம் செய்கிற வேலையைச் செய்யாது, புகை அலாரம் இதன் வேலையைச் செய்யாது. பாய்லரிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள், சுவரில் என்றால் கதவு நிலைக்கு மேலே, சீலிங்கிலிருந்து பதினைந்து சென்டிமீட்டராவது கீழே.

மாட்டுவது நீங்களே செய்யலாம். சீலிங்கின் நடுப்பக்கம், சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது முப்பது சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். மூலையில் காற்று ஓடாமல் தேங்கி நிற்கும், புகை அங்கே சீக்கிரம் போய்ச் சேராது. மெயின்ஸ் கரெண்ட்டில் ஓடுகிற வகைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.


குரோய்டன் குமார்

இவ்வளவு செலவு எதற்கு? நாங்கள் சமைக்கும்போது அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டிவிடுவோம், முடிந்ததும் எடுத்துவிடுவோம். நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.


வல்வை அக்கா, கிளாஸ்கோ

தம்பி குமார், தயவுசெய்து அந்தத் தொப்பியை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்தோம். 2016 இல், அப்போது லண்டனில் இருந்தோம். மகனின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் பொரிக்க வேண்டும் என்று தொப்பியைப் போட்டோம். விருந்து முடிந்து ஆட்கள் போய், களைத்துப் படுத்தோம், தொப்பி அப்படியே இருந்தது. விடியற்காலை முன்னறையில் எக்ஸ்டென்ஷன் வயர் உருகி, அதன் மேல் கிடந்த திரைச்சீலையில் பிடித்துவிட்டது. எதிர்வீட்டு மனிதர் வேலைக்குப் போக வெளியே வந்தவர் கண்டு கதவைத் தட்டியிராவிட்டால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கலியாண அல்பத்திலிருந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வரை போய்விட்டன, அந்த மணம் பல மாதம் உடுப்பில் இருந்தது. தீயணைப்புப் படையினர் நெருப்பை நூர்த்துவிட்டு வந்து, நடையின் சீலிங்கில் தொப்பி போட்டபடி இருந்த அலாரத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

போட்டதை எடுக்க மறக்க மாட்டேன் என்று எல்லோரும்தான் நினைக்கிறோம். அன்றைக்கு நானும் நினைத்தேன்.

மதுரைத் தங்கச்சி, வயர்மேன் அண்ணை சொன்னதுதான் இங்கே ஸ்கொட்லாந்தில் சட்டமே. லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடம் 2017 ஜூன் 14 இல் எரிந்து 72 பேர் இறந்த பிறகு கொண்டு வந்தது, 2022 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை வீடு, சொந்த வீடு என்று வித்தியாசம் இல்லை. அதிகம் புழங்கும் இருப்பறையில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு நடையிலும் மாடிப்படித் தளத்திலும் ஒன்று, குசினியில் ஹீட் அலாரம், எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்க வேண்டும், பொயிலர் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். மூன்று அறை வீட்டுக்குச் சுமார் 220 பவுண்டு ஆகும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. இங்கிலாந்தில் சொந்த வீட்டுக்காரரை இப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நெருப்புக்கு எல்லை தெரியாதே, நீங்களும் இதே கணக்கில் மாட்டுங்கள்.

என் குசினியில் ஹீட் அலாரம் மாட்டி நான்கு வருடத்துக்கு மேலாகிறது. மிளகாய்த்தூள் வீட்டிலேயே வறுத்துத்தான் இடிக்கிறேன், ஊரில் அம்மா வறுத்தது போலக் கண் எரிய எரிய. ஒரு நாள்கூட அது வாய் திறக்கவில்லை. வறுக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, மேலே இருக்கிற உறிஞ்சு விசிறியைப் போட்டுக்கொள்வேன், அவ்வளவே.


மதுரைப்பொண்ணு

அக்கா, படிக்கும்போதே உடம்பு நடுங்கியது. எழுதியதற்கு நன்றி. வயர்மேன் அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன், பின்னால் கதிரியக்கக் குறி இருக்கிறது, அயனி வகைதான். பக்கத்தில் ஒரு தேதியும் அச்சடித்திருக்கிறார்கள், 2009.

இன்னும் சில சந்தேகம். ஒன்று, எங்கள் சீலிங் வழவழப்பாக இல்லை, விசிறி விசிறியாகக் கோடு போட்ட மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது, அதில் துளை போடலாமா? இரண்டு, புதுமனை புகுவிழாவுக்குப் பால் மட்டும்தான் காய்ச்சினோம், அத்தை ஊருக்குப் போவதற்கு முன்னால் கணபதி ஹோமம் ஒன்று செய்துவிட வேண்டும் என்கிறார்கள், அன்றைக்கு என்ன செய்வது? மூன்று, மாமாவுக்குக் காது மந்தம், ராத்திரி மிஷினைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பார்.


ஹாரோ வயர்மேன்

சீலிங்கைச் சொன்னது நல்லதாயிற்று. நீங்கள் சொல்வது ஆர்டெக்ஸ் பூச்சு. 2000க்கு முன்னால் கட்டிய, பூசிய வீடுகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சும்மா இருக்கும்வரை ஆபத்து இல்லை, துளை போட்டாலோ சுரண்டினாலோ தூள் பறக்கும், அது நுரையீரலுக்குப் போகக் கூடாது. டிரில்லை எடுக்காதீர்கள். ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு தெரிந்துகொள்ளலாம், அதையும் தெரிந்த ஆளை வைத்து எடுங்கள். பரிசோதனை முடியும்வரை, ஒட்டும் பட்டையோடு வருகிற அலாரமாக வாங்கி, சீலிங்கில் வழவழப்பான இடம் இருந்தால் அங்கே ஒட்டுங்கள். சொரசொரப்பில் ஒட்டினால் இரண்டே நாளில் தலையில் விழும்.

பழைய அலாரத்தை மறுபடி மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எந்த அலாரமானாலும் ஆயுள் பத்து வருடம்தான். பட்டனை அழுத்தினால் சத்தம் வரும், அது ஒலிப்பான் நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே புகையை அறிகிற பாகம் தூசி படிந்து மழுங்கியிருக்கலாம். உங்களுடையது டிராயருக்குப் போவதற்கு முன்பே காலாவதி.

ஹோமத்துக்கு வருவோம். எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம், கூச்சப்பட ஒன்றும் இல்லை. சாம்பிராணி அளவுக்கு என்றால் அலாரத்தில் இருக்கிற ஹஷ் பட்டனை அழுத்தினால் பத்து நிமிடம்போல அடங்கியிருக்கும், பிறகு தானாக வேலைக்குத் திரும்பிவிடும், கழற்ற வேண்டிய தேவையே வராது. ஹோமம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், நெய்யும் சமித்தும் விழுகிற புகைக்கு எந்த அலாரமும் அடிக்கத்தான் செய்யும். வசதி இருந்தால் பின்பக்கத் தோட்டத்தில் கூரை இல்லாத இடத்தில் செய்யுங்கள், ஐயரிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார். உள்ளேதான் என்றால் அந்த அறை அலாரத்தை மட்டும் தட்டிலிருந்து திருகி எடுத்து, ஹோமம் முடியும்வரை எல்லோர் கண்ணிலும் படும்படி பூஜைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டிராயரில் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், குண்டத்தை விட்டு நகராமல் ஒரு ஆள். தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுப்பதற்கு முன்னால் அலாரம் மேலே ஏறிவிட வேண்டும், அந்தப் பொறுப்பை ஒருவர் பெயருக்கு எழுதிவிடுங்கள். வாடகைக்கு எடுக்கிற மண்டபமோ அடுக்குமாடிக் கட்டடமோ என்றால் நாமாகத் தொடக் கூடாது, நிர்வாகிக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அங்கே கட்டடம் முழுக்க ஒரே அலாரம்.

மாமாவுக்குத் தனி ஏற்பாடு உண்டு. தலையணைக்கு அடியில் வைக்கிற அதிர்வுப் பட்டையும் பளிச் பளிச்சென்று அடிக்கிற விளக்கும் சேர்ந்த அலாரம். லண்டன் தீயணைப்புப் படை வீட்டுக்கு வந்து இலவசமாகப் பார்வையிட்டுச் சொல்கிறார்கள், வயதானவர், காது கேளாதவர் இருக்கிற வீட்டுக்கு முன்னுரிமை. அவர்கள் இணையப் பக்கத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தேவைப்படுகிற இடத்தில் அலாரமும் மாட்டிக் கொடுப்பார்கள். நம் ஆட்கள் அரசாங்க ஆள் வீட்டுக்கு வந்தால் வம்பு என்று கூப்பிடவே தயங்குகிறார்கள். விசா கேட்க வருகிறவர்கள் இல்லை அவர்கள்.


படிக்க வந்தவன், இல்ஃபோர்டு

அண்ணா, நான் எம்எஸ்சி படிக்கிறேன், ஒரு வீட்டில் ஆறு பேர் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். இரண்டு பேர் சாயங்காலம் டெலிவரிக்குப் போகிறார்கள், இ-பைக்கின் பேட்டரியை ராத்திரி வாசல் நடையில்தான் சார்ஜ் போடுகிறார்கள். மேல்தளத்தில் அலாரமே இல்லை, கீழே இருப்பது நிமிடத்துக்கு ஒரு முறை கீச் கீச் என்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் பார்க்கலாம் என்கிறார். வாடகைக்கு இருக்கிற நாங்கள் எவ்வளவு கேட்கலாம்?


ஹாரோ வயர்மேன்

தம்பி, தாராளமாகக் கேட்கலாம், சட்டம் உங்கள் பக்கம். இங்கிலாந்தில் ஆட்கள் வசிக்கிற ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரம் வைப்பது வீட்டுக்காரர் கடமை, தனியார் வாடகை வீடுகளுக்கு 2015 அக்டோபரிலிருந்து உள்ளது. 2022 அக்டோபர் 1 முதல் இன்னும் இறுக்கினார்கள்: கெட்டுப்போனது என்று குடியிருப்பவர் சொன்னால் சரி செய்தோ மாற்றியோ ஆக வேண்டும், பாய்லர் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். செய்யாவிட்டால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் இருந்தால் அதற்குத் தனி உரிமமே எடுத்திருக்க வேண்டும், அதில் தீப் பாதுகாப்பு நிபந்தனைகள் இன்னும் அதிகம். வாய்ப்பேச்சு வேண்டாம், இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள், சீலிங்கைப் போட்டோ எடுத்துச் சேருங்கள். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவுக்குப் போங்கள். படிக்க வந்த பிள்ளைகள் அறை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கீச் கீச் என்பது பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிற முறையீடு. பெரும்பாலும் விடியற்காலையில்தான் ஆரம்பிக்கும், குளிரில் பேட்டரியின் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும், அதுதான் காரணம். வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்காமல் ஒரு பேட்டரி வாங்கிப் போடுங்கள்.

இ-பைக் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. லித்தியம் பேட்டரி வெடித்தால் புகைந்து எச்சரித்து எரிவதில்லை, நொடியில் நடை முழுக்கத் தீயாகிவிடும், அந்த நடைதான் ஆறு பேருக்கும் வெளியே போகிற ஒரே வழி. வாசல் நடையில், படிக்கட்டுக்கு அடியில், தூங்கும்போது, மூன்று விதமாகவும் சார்ஜ் போடக் கூடாது. பைக்கோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. அந்த இரண்டு பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிழைப்புக்கு ஓட்டுகிறார்கள், திட்டினால் கேட்க மாட்டார்கள், எங்கே போடலாம் என்று சேர்ந்து இடம் பாருங்கள். விழித்திருக்கிற நேரத்தில், அலாரம் இருக்கிற இடத்தில், வெளியே போகிற வழியை மறிக்காமல்.


வேளச்சேரி வாசு

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். மகள் லண்டனில் இருக்கிறாள், இதை எனக்கு அனுப்பியதே அவள்தான். நம் ஊர் வீட்டுக்கு இரண்டு விஷயம் சேர்க்க ஆசை. அடுக்குமாடியில் காரிடாரில் கருவி இருக்கிறதே என்று இருந்துவிடுகிறோம், கதவுக்கு உள்ளே நம் அறையில் ஒன்றும் இருக்காது. நான் படுக்கையறைகளுக்கு வெளியே ஒரு ஆப்டிகல் மாட்டியிருக்கிறேன். முதலில் ஹாலில் சீலிங் ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டி, ஊதுவத்தியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன், காற்று புகையை அடித்துக்கொண்டு போனதே தவிர உள்ளே நுழைய விடவில்லை. ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராகப் படாத இடம்தான் சரி. நம் ஊரில் தூசியும் சின்னப் பூச்சியும் உள்ளே புகுந்து வெறுமனே அலற வைக்கும், மாதம் ஒரு முறை வேக்குவம் பிரஷால் மேலோட்டமாக இழுத்துவிடுகிறேன்.

இன்னொன்று, கேஸ் லீக் அலாரத்தையும் புகை அலாரத்தையும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறார்கள். சிலிண்டரில் வருகிற எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதற்கான அலாரம் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் அதை அலமாரிக்கு மேலே மாட்டியிருந்தார்கள், நான்தான் இறக்கி மாட்டிக் கொடுத்தேன். குழாயில் வருகிற இயற்கை எரிவாயுவானால் நேர்மாறு, அது லேசு, மேலே ஏறும், அலாரமும் மேலே. அடித்தால் சுவிட்சைப் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து இந்தியாவின் எல்பிஜி அவசர எண்ணான 1906க்குப் போன் செய்யுங்கள்.


வல்வை அக்கா, கிளாஸ்கோ

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைகள் அலாரச் சத்தத்துக்கு எழும்புவார்கள் என்று நம்ப வேண்டாம். டண்டீ பல்கலைக்கழகமும் டெர்பிஷயர் தீயணைப்புப் படையும் சேர்ந்து சோதித்தபோது 34 பிள்ளைகளில் 27 பேர் திரும்பத் திரும்ப அடித்தும் எழும்பவில்லை. நாங்கள் மாட்டிய அன்று பட்டனை அழுத்தினோம், என் மகன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். அதனால் யார் எந்தப் பிள்ளையை எழுப்புவது, யார் அம்மம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது, வெளியே எந்த விளக்குக் கம்பத்தடியில் நிற்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வாசல் கதவுச் சாவி எப்போதும் ஒரே ஆணியில். படுக்கப் போகும்போது கீழே எல்லாக் கதவையும் சாத்துகிறோம், ஒரு கதவு நல்ல நேரம் தாக்குப்பிடிக்கும்.


மதுரைப்பொண்ணு

எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். முந்தாநாள் மாட்டி முடித்தோம். சீலிங் பரிசோதனைக்கு அனுப்பியதில் நடைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வந்தது, அதனால் அங்கே துளை போடவில்லை. விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி முன்பு யாரோ பூசி வழவழப்பாக்கிய ஒரு வட்டம் இருந்தது, கீழ் நடை அலாரத்தை அங்கே பட்டையால் ஒட்டினோம். கிச்சனில் ஹீட், முன்னறை, மாடி, பெரியவர்கள் அறை, மொத்தம் ஐந்து, பாய்லருக்கு ஒன்று தனியாக. மாமாவுக்கு அதிர்வுப் பட்டைக்காகத் தீயணைப்புப் படைக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறார்கள்.

நேற்று காலையில் வேண்டுமென்றே பத்து மிளகாய் கிள்ளி வத்தக்குழம்புக்குத் தாளித்தேன். எல்லோரும் கிச்சன் வாசலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமினோம், தும்மினோம், அலாரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு கணவர் டெஸ்ட் பட்டனை அழுத்தினார், ஐந்தும் சேர்ந்து அடித்தது. அத்தை பதறி எழுந்துவிட்டார்கள். மகள் எழவே இல்லை, அக்கா சொன்னது போலவேதான். அவளைத் தூக்குவது என் வேலை, மாமாவைத் தொட்டு எழுப்புவது கணவர் வேலை என்று முடிவு செய்துவிட்டோம். அடிக்கடி டெஸ்ட் செய்ய வேண்டுமா? அந்தப் பழைய அலாரத்தைக் குப்பையில் போடலாமா?


ஹாரோ வயர்மேன்

வாரம் ஒரு முறை பட்டனை அழுத்துங்கள், குறைந்தது மாதம் ஒரு முறை. அத்தை வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் அழுத்தட்டும், கைக்கு எட்டாவிட்டால் விளக்குமாற்றுக் காம்பு போதும், நாற்காலியில் ஏற வேண்டாம். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் மூடுங்கள், அலாரத்தின் மேல் ஒருபோதும் பெயிண்ட் பட விடாதீர்கள். மாட்டிய தேதியை ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், உள்ளே இருக்கிறது அமெரிசியம். மூடியபடி இருந்தால் ஒன்றும் செய்யாது. கவுன்சில் மறுசுழற்சி மையத்துக்கு எடுத்துப் போய் அங்கே நிற்கிற ஆளிடம் கொடுங்கள், சின்ன மின்சாதனங்களுக்கு என்று தனி இடம் வைத்திருப்பார்கள்.